கேட்டதும் கேட்காததும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் கண்ணில் நான் கலைஞன். 1957ஆம் ஆண்டின் அந்தச் சட்டம், எதெல்லாம் கலைப்படைப்பு என்று வரையறுக்கும் இடத்தில் ஓவியம், சிற்பம், வரைபடம் என்று வரிசையாகச் சொல்லி ஒளிப்படத்தையும் சேர்த்துக்கொள்கிறது. கலைத்தரம் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்று ஒரு சலுகையும் தருகிறது. அப்படியானால், பத்தாம் வகுப்புப் பரீட்சை விண்ணப்பத்துக்காகத் தலை நிறைய எண்ணெய் வைத்து வாரிக்கொண்டு வரும் பையனை நான் எடுத்து, ஒரே தாளில் எட்டுப் பிரதி போட்டு வெட்டிக் கொடுக்கும் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவும் கலைப்படைப்பே.

சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு வந்துவிடுகிறது. ஒருவர் காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில், அவரே முதல் உரிமையாளர். படத்தை ஆக்கியவர் எடுத்தவர்; படம் சொந்தமாவது எடுக்கச் சொன்னவருக்கு. எங்கள் தொழிலின் பெருமையும் சங்கடமும் இந்த இரண்டு விதிகளுக்குள் அடங்கிவிடும்.

செஞ்சியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில், மண்டகப்பட்டில் ஸ்டுடியோ வைத்துப் பிழைக்கிறேன். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கட்சி பேனருக்குக் கும்பிட்ட கையோடு அரை உடம்பு, அரிசி மண்டிக்குக் காலண்டர் படம், நகைக்கடைக்கு நோட்டீஸ் படம், சாவு வீடு. வேலை பழக வரும் பையன்கள் கொஞ்ச நாள் கழித்து ஒரு நாள் சொல்வார்கள்: “இன்னும் ரெண்டு மூணு வருஷம் கமர்ஷியல் பண்ணிட்டு, அப்புறம் ஆர்ட் பண்ணணும் அண்ணா.” அவர்கள் கணக்கில் கமர்ஷியல் என்பது கழித்துவிட வேண்டிய காலம். நான் மறுத்துப் பேசுவதில்லை. இளவயதில் அந்த நினைப்பு ஆளைக் காலையில் எழுப்பிவிடும். ஆனால் இத்தனை காலம் தொழில் பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது வேறு. கூலிக்கு எடுத்த படத்தை விட்டு விலகிப் போய்த்தான் கலைக்குள் நுழைய வேண்டும் என்பதில்லை. கூலிக்கு எடுத்த படமே கலையாகிறது. பார்ட்டி கேட்காத ஒன்றை எடுத்தவன் அதற்குள் வைத்திருந்தால், கேட்டதன் பயன் தீர்ந்த பிறகும் யாராவது அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தால்.

இதற்குச் சாட்சி தேடி நான் வெளியூர் போக வேண்டியதில்லை. எங்கள் ஊர்க் குன்றில் மகேந்திரவர்ம பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த கோயில் இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுதை இல்லாமல் பிரமனுக்கும் ஈசனுக்கும் திருமாலுக்கும் விசித்திரசித்தன் இதை அமைத்தான் என்று அங்குள்ள வடமொழிக் கல்வெட்டு சொல்கிறது. விசித்திரசித்தன் என்பது அரசனின் பட்டப்பெயர். உளி பிடித்தவர் ஒருவர் பெயரும் அதில் இல்லை. 17ஆம் பிரிவு அப்போதே நடைமுறையில் இருந்திருக்கிறது.

இன்று அந்த மூன்று கருவறைகளும் வெறுமை. வருகிறவர்கள் கும்பிட வருவதில்லை. தூண்களையும் இரண்டு ஓரத்திலும் நிற்கும் வாயிற்காவலர்களையும் பார்க்க வருகிறார்கள். அரசன் கேட்டது மூன்று தெய்வங்களுக்கு அழியாத ஓர் இடம். காவலனின் உடல் எடை எந்தக் காலில் இறங்க வேண்டும், தோள் எவ்வளவு திரும்ப வேண்டும் என்றெல்லாம் அரசன் உத்தரவு போட்டிருப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை. அது வேலைக்காரன் தன் கணக்கில் போட்டது. வழிபாடு நின்ற பிறகு, கேட்டது பின்னுக்குப் போய், கேட்காமல் போட்டது முன்னுக்கு வந்துவிட்டது.

அந்தக் காவலர்களைக் காலண்டருக்காக எடுக்கும்போது இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்ட்டிக்கு வேண்டியது தெளிவான முழு உருவம். கீழே மாதத் தாள் ஒட்ட இடம் விட வேண்டும். எதிரே நின்று ஃபிளாஷ் அடித்தால் உருவம் தெளிவாக விழும், கூடவே சப்பையாகவும் விழும். புடைப்புச் சிற்பத்துக்கு உயிர் நிழலில் இருக்கிறது. வெளிச்சம் பக்கவாட்டில், கல்லை உரசிக்கொண்டு வர வேண்டும். அப்போதுதான் வயிற்றின் மேடும் தொடையின் வளைவும் எழுந்து நிற்கும். வெயில் சாயும் நேரத்துக்குக் காத்திருந்து, நிழல் அடர்ந்த பக்கத்தில் ஒரு தெர்மாகோல் அட்டையைப் பிடித்து வெளிச்சத்தைக் கொஞ்சமாகத் திருப்பிவிட்டு, மீட்டர் சொல்வதைவிட அரை ஸ்டாப் குறைத்து எடுப்பேன். கருங்கல்லின் கருமையை மீட்டர் நம்பாது. அதைச் சாம்பலாக்கப் பார்க்கும். நாம்தான் அடக்க வேண்டும். இந்த அரை ஸ்டாப்பை எந்த மண்டிக்காரரும் கேட்டதில்லை. ஆனால் படத்தை வாங்கிப் பார்த்ததும், “கல்லு கல்லா இருக்கு” என்று சொல்லிவிடுவார்கள்.

கேட்காதது என்று நான் சொல்வது இவ்வளவு சின்ன அளவில்தான் இருக்கும். பாஸ்போர்ட் சைஸுக்கு வெள்ளைப் பின்னணி, நேர்ப் பார்வை, இரண்டு காதும் தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது. எல்லாமே விதி. இந்த விதிக்குள் எனக்கு மிச்சமிருப்பது மூச்சு. கேமராவைப் பார்த்ததும் யாரும் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்வார்கள். தோள் ஏறும், கழுத்து குறுகும். “மூச்ச வுடும்மா” என்று சொல்லி, விட்டு முடிக்கிற அந்த நொடியில் அழுத்தினால் முகம் தன் இடத்துக்கு வந்திருக்கும். இரண்டாவது, கண்ணில் ஒரு வெளிச்சப் பொட்டு. லைட்டைக் கொஞ்சம் மேலே ஏற்றி ஒரு பக்கமாக நகர்த்தினால் கருவிழியில் அது வந்து உட்காரும். தாலுகா ஆபீஸில் யாரும் அதைச் சோதிக்கப் போவதில்லை.

ஆனால் அந்தப் படத்தின் ஆயுள் தாலுகா ஆபீஸோடு முடிவதில்லை. எங்கள் பக்கத்துக் கிராமங்களில் ஓர் அம்மா இறந்துபோனால், கருமாதிக்கு முன் மகன் ஸ்டுடியோவுக்கு வருவார். கையில் ரேஷன் கார்டோ வாக்காளர் அட்டையோ இருக்கும். “எங்க அம்மா படம் இது ஒண்ணுதான் இருக்குது. பெரிசு பண்ணிக் குடு தம்பி.” விரல் நகம் அளவு முகத்தை 12க்கு 18 ஆக்க வேண்டும். எடுத்தவன் மூச்சு விடச் சொல்லியிருந்தால் அந்த அம்மா வீட்டுச் சுவரில் நிம்மதியாக இருப்பார். இல்லையென்றால், வரிசையில் நின்று பயந்த அந்த ஒரு நிமிடமே அவர் முகமாக நிலைத்துவிடும். அடையாள அட்டைக்கு எடுத்த படம் மாலை போட்ட படமாகிறது. படம் மாறவில்லை, அதனிடம் கேட்கப்படுவது மாறிவிட்டது. அருங்காட்சியகச் சுவரில் நடப்பதும் இதுதான். சுவர் வேறு, பார்க்க வருகிறவர்கள் வேறு.

அரசாங்க வேலைக்கும் இந்தக் கதி உண்டு. லின்னேயஸ் டிரைப் என்ற கிழக்கிந்தியக் கம்பெனிப் படை அதிகாரியை 1850களில் சென்னை மாகாண அரசு தன் ஒளிப்படக்காரராக நியமித்தது. கோயில்கள், கோட்டைகள், கட்டடங்கள் இவற்றை ஆவணப்படுத்துவது வேலை. 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சி, புதுக்கோட்டைப் படங்கள் தொகுதிகளாக வெளிவந்தன. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டை அவர் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். கல்வெட்டைப் படிக்க உதவ வேண்டும் என்பது அதன் பயன். சர் சார்லஸ் டிரெவெலியன் கவர்னராக வந்ததும் இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று கருதித் திட்டத்தையே மூடிவிட்டார். அதே படங்கள் 2014இல் வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்திலும், 2015இல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்திலும் தனிக் கண்காட்சியாக வைக்கப்பட்டன.

டிரைப்பின் படங்களைப் பார்க்கும்போது என் கண் வானத்துக்குப் போகும். அந்தக் காலத்து மெழுகிட்ட காகித நெகட்டிவுக்கு நீல நிறத்தின் மேல் கூச்சம் அதிகம். வானம் வெளிறி வெற்றிடமாக விழும், திட்டுத் திட்டாகவும் விழும். டிரைப் நெகட்டிவின் மேலேயே தூரிகையால் மேகம் தீட்டினார். அரசாங்கம் கேட்டது கோபுரம். மேகம் யாரும் கேட்காதது. கோபுரத்துக்குப் பின்னால் காற்று இருக்க வேண்டும் என்று அவருக்குப் பட்டிருக்கிறது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த பெரியவரும் இந்த வேலையைச் செய்தவர்தான். டச்சிங் மேசையில் நெகட்டிவைச் சாய்த்து வைத்து, கீழே கண்ணாடியால் வெளிச்சத்தை மேலே திருப்பி, மருந்து தடவி, ஊசி போல் சீவிய பென்சிலால் கன்னத்துக் குழிகளை நிரப்புவார். பார்ட்டி கேட்டது பரு போக வேண்டும் என்பதை. அவர் பருவை எடுத்துவிட்டு அம்மைத் தழும்பை விட்டுவிடுவார். “பரு நாளைக்குப் போயிடும், எடுத்துடலாம். தழும்பு அவரோடது” என்பார். ஒரு பென்சில் முனையில் எவ்வளவு யோசனை என்று எனக்கு அன்று புரிந்த அளவுக்கு வேறெதிலும் புரிந்ததில்லை.

அவர் டச் செய்த நெகட்டிவ்களில் பெரும்பாலானவை இன்று இல்லை. தமிழ்நாட்டு ஸ்டுடியோக்களின் கதை பொதுவாக இப்படித்தான் போகும். கண்ணாடி நெகட்டிவ்களைச் சுரண்டிக் கழுவினால் நல்ல கண்ணாடி கிடைக்கும். படச் சட்டத்துக்கு ஆகும். ஃபிலிமிலும் பழைய ஹைப்போவிலும் வெள்ளி இருக்கிறது. அதை எடுக்க எடைக்கு வாங்குகிறவர்கள் வந்தார்கள். டிஜிட்டல் வந்ததும் டார்க் ரூமைக் காலி செய்து கம்ப்யூட்டர் போட்டார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது. பார்ட்டிக்குப் படம் போய்விட்டது, காசு வந்துவிட்டது. மிச்சம் இருப்பது கரையான் தின்னும் பெட்டி.

இந்தச் சமயத்தில்தான் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பல ஊர்களில் பழைய ஸ்டுடியோக்களுக்குள் போனார்கள். சுமார் 1880 முதல் 1980 வரையிலான ஸ்டுடியோப் படங்களை ஆயிரக்கணக்கில் இலக்கப் பிரதி எடுத்தார்கள். 1955இல் தொடங்கிய அந்த நிறுவனத்தில் கோயில்களின் படங்கள் ஏற்கெனவே லட்சத்துக்கு மேல் சேர்ந்திருந்தன. இப்போது கோயிலுக்குப் போன மனிதர்களின் படங்களும் சேர்ந்தன. 2016இல் சென்னை ஃபோட்டோ பியன்னாலே என்ற ஈராண்டு ஒளிப்பட விழா தொடங்கியது. அது போன்ற மேடைகள் வந்த பிறகு, ஸ்டுடியோப் படத்தைச் சுவரில் மாட்டி நின்று பார்க்கும் பழக்கமும் இங்கே வந்திருக்கிறது.

பழசானால் எல்லாம் கலையா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு பழைய படத்தை நம்மை நின்று பார்க்க வைப்பதில் பாதி, காலத்தின் வேலைதான்: அந்தப் புடவைக் கட்டு, அந்த ரிஸ்ட் வாட்ச், மேசை மேல் வைத்த ரேடியோ. மீதிப் பாதி எடுத்தவனுடையது. பத்து ஸ்டுடியோப் படங்களை வரிசையாகப் பரப்பிப் பாருங்கள். எல்லாவற்றிலும் அதே நாற்காலி, அதே மாடிப்படி வரைந்த ஸ்கிரீன், அதே கல்யாண ஜோடி. ஒன்றில் மட்டும் கண் நிற்கும். அதில் புருஷன் உட்கார்ந்திருக்க மனைவி நிற்கும் இடைவெளி சரியாக இருக்கும். அந்தப் பெண்ணின் கையை எங்கே வைப்பது என்ற சிக்கலை எடுத்தவன் தீர்த்திருப்பான். நாற்காலி முதுகில் நாலு விரல் மட்டும் தெரியும்படி வைத்திருப்பான். கணவன் தோளைத் தொடவும் இல்லை, தொடாமலும் இல்லை. லைட் இருவர் முகத்திலும் ஒரே அளவாக விழுந்திருக்கும். புருஷனுக்கு மட்டும் லைட் போட்டு மனைவியை நிழலில் விட்டவர்களும் உண்டு. அதையும் படம் காட்டிக்கொடுக்கும். காலம் எல்லாப் படத்துக்கும் ஒரே மாதிரி பழமையைப் பூசுகிறது. வித்தியாசம் செய்வது இந்த நாலு விரல்.

ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில், பமாகோ நகரத்தில், செய்டூ கெய்டா 1948இல் ஸ்டுடியோ திறந்தார். எங்கள் ஊர்க் கதைதான்: வீட்டு முற்றம், பூப்போட்ட துணித் திரை, பார்ட்டி போட்டுக்கொள்ள வாட்சும் பேனாவும். 1991இல் நியூயார்க்கில் ஒரு கண்காட்சியில் அவர் படங்கள் பெயர் தெரியாத ஒருவர் எடுத்தவை என்று மாட்டப்பட்டன. பார்த்து வியந்தவர்கள் ஆளைத் தேடிப் பமாகோ போனார்கள். 1994இல் பாரிஸில் கார்த்தியே அறக்கட்டளை அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. அவருக்குப் பின் அதே ஊரில் ஸ்டுடியோ நடத்திய மாலிக் சிடிபேவுக்கு 2007இல் வெனிஸில் வாழ்நாள் சாதனைக்கான தங்கச் சிங்க விருது கிடைத்தது. ஒளிப்படக்காரர் ஒருவருக்கு அது கிடைத்தது அதுவே முதல் முறை. கெய்டா எடுத்தபோது நெகட்டிவ் அளவுக்கே, கையில் பிடித்துப் பார்க்கும்படி, பிரின்ட் போட்டுக் கொடுத்தவர். கலைக்கூடம் அதை ஆளுயரத்துக்கு ஆக்கியது. பார்ட்டி மடியில் வைத்துப் பார்த்த படமும் ஆளுயரப் படமும் ஒரே படமா என்று எனக்கு இன்னமும் சந்தேகம் உண்டு. கலையாக ஏற்றுக்கொள்கிறவர்களும் ஒருவகைப் பார்ட்டிதான். அவர்களுக்கும் ஒரு சைஸ் வேண்டும், ஒரு ரேட் வேண்டும்.

ஒளிப்படம் அருங்காட்சியகத்துக்குள் கலையாக நுழைந்த கதையில் ஒரு தமிழர் கை இருப்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இந்தியக் கலைப் பிரிவைக் கவனித்துக்கொண்டிருந்தவர். அவருடைய முயற்சியால் 1924இல் ஒளிப்படக்காரர் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ் தன் படங்களில் 27ஐ அந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அமெரிக்காவின் பெரிய கலை அருங்காட்சியகம் ஒன்று ஒளிப்படத்தைக் கலை என்று வாங்கி வைத்துக்கொண்ட ஆரம்ப நிகழ்ச்சிகளில் அது ஒன்று. ஸ்டீக்லிட்ஸ் கூலிக்குப் படம் எடுப்பதைத் தாழ்வாக நினைத்தவர். கதவைத் திறந்துவிட்ட குமாரசுவாமியோ அதற்கு நேர் எதிரான கட்சி. 1909இலேயே இந்தியக் கைவினைஞரைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். கலைஞன் என்று தனியாக ஓர் இனம் கிடையாது, ஊருக்கு வேண்டியதை ஒழுங்காகச் செய்து கொடுக்கும் ஒவ்வொருவனிடமும் கலை இருக்கிறது என்று ஆயுள் முழுக்க வாதாடியவர். அவர் பார்வையில் நடராசர் வார்த்த ஸ்தபதியும் ஆர்டர் வாங்கி வேலை செய்தவர்தான். கூலி வாங்கியதால் சிலையில் ஒரு குறையும் வந்துவிடவில்லை.

இங்கே ஓவியத்தில் நடந்ததையும் நினைத்துப் பார்க்கலாம். ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கித் தன் படங்களை வீடுதோறும் போக வைத்தார். அதற்காகவே அவரைக் காலண்டர்க்காரர் என்று ஒதுக்கியவர்களும் உண்டு. கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் நாடகத் திரை, ஸ்டுடியோ வேலை, சிவகாசிக் காலண்டர் என்று எல்லாம் செய்தார்கள். இன்று அந்தக் காலண்டர்களைச் சேகரிக்கிறார்கள், ஆராய்கிறார்கள். 2020இல் சென்னையின் விளம்பர ஒளிப்படக்காரர் ஜி. வெங்கட்ராம், நடிகைகளை வைத்து ரவிவர்மா ஓவியங்களை அப்படியே ஒளிப்படமாக்கினார். ஓர் அறக்கட்டளைக்கான நாட்காட்டி அது. அச்சாகிக் காலண்டரான ஓவியம், ஒளிப்படமாகி மறுபடியும் காலண்டருக்கே வந்து சேர்ந்தது. நான் அதில் பார்த்தது லைட்டை. எண்ணெய் வண்ணத்தில் தூரிகை குழைத்த நிழலை, ஸ்டுடியோ விளக்கால் குழைக்க வேண்டும். நகை விளம்பரமும் பட்டுப்புடவை விளம்பரமும் எடுத்துப் பழகிய கைக்குத்தான் பட்டின் மடிப்பில் வெளிச்சம் எப்படி வழுக்கும் என்று தெரியும்.

தொழில் கற்றுத் தந்த அந்தக் கையையே தொழிலுக்கு எதிராகத் திருப்பியவரும் சென்னையில் இருக்கிறார். ஷரத் ஹக்சர் பெரிய கம்பெனிகளுக்கு விளம்பரப் படம் எடுப்பவர். 2005இல் சென்னைச் சாலையோர விளம்பரப் பலகையில் தன் சொந்தப் படம் ஒன்றை ஏற்றினார்: கோகோ கோலாவின் சிவப்பு விளம்பரம், அதன் முன்னால் தண்ணீர் வராத அடிபம்பு, காத்திருக்கும் காலிக் குடங்கள். கம்பெனியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. தண்ணீருக்கு வரிசையில் நின்ற ஊருக்கு அந்தப் படத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது, அந்தப் படம் விளம்பரப் படத்தின் எல்லா ஒழுங்கோடும் இருந்தது என்பது. நிறம் பளிச்சென்று, சட்டம் சுத்தமாக, ஓடும் பேருந்திலிருந்தே புரியும்படி. கலை என்று சொல்லிக்கொண்டு மங்கலாக எடுத்திருந்தால் நோட்டீஸ் வந்திருக்காது.

கேட்காததை வைப்பது என்றால் கேட்டதை மறுப்பதும் சில நேரம் அதில் அடங்கும். கல்யாண ஆல்பத்தில் எனக்கு அடிக்கடி வரும் கோரிக்கை, “பொண்ணு கொஞ்சம் கலரா தெரியணும் சார்.” சாஃப்ட்வேரில் ஒரு கோட்டை இழுத்தால் போதும், மினி லேப் காலத்தில் பிரின்ட் போடும்போதே செய்வார்கள். வெளுத்தால் நெற்றியும் கன்னமும் மூக்கும் ஒரே தளமாகிவிடும். கறுத்த தோலின் அழகு அதன் பளபளப்பில் இருக்கிறது. லைட்டை நேராக அடிக்காமல், பெரிய சாஃப்ட் பாக்ஸைப் பக்கத்தில் கொண்டுவந்து, கன்ன எலும்பின் மேல் நீளமாக ஒரு மினுக்கம் விழ வைத்தால் முகம் எழுந்து நிற்கும். எக்ஸ்போஷரை ஏற்ற வேண்டியதில்லை, மினுக்கத்தை வைக்க வேண்டும். மண்டபத்துக்குப் போனதும் முதலில் பெண்ணின் அம்மாவை இப்படி ஒன்று எடுத்துக் காட்டுவேன். “அட, நல்லாத்தான் இருக்குது” என்று அவர் சொல்லிவிட்டால் அப்புறம் கலர் பேச்சு வராது. சிலர் விடமாட்டார்கள். அவர்களுக்குக் கேட்டபடி செய்து கொடுப்பேன், ஒரிஜினலை அழிக்காமல் வைத்திருப்பேன். பேத்தி ஒரு நாள் பாட்டியின் நிஜ நிறத்தைத் தேடி வருவாள்.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியதிலிருந்து, கல்யாணத்துக்கு முந்தைய அவுட்டோர் ஷூட்டுக்குக் கோட்டை கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். தொல்லியல் துறையின் காவலில் உள்ள இடம்; வணிகப் படப்பிடிப்புக்கு முறைப்படி அனுமதி வாங்கியாக வேண்டும். வருகிற ஜோடிகள் செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, “இதே மாதிரி” என்பார்கள். ராஜகிரி மலை பின்னால், கவுன் முன்னால் பறக்க வேண்டும். எடுத்துக் கொடுப்பேன், பறக்கவும் வைப்பேன். ஷூட் முடிந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் பாறையில் உட்கார்ந்து தண்ணீர் குடிப்பார்கள். அப்போதுதான் முதல் தடவையாகக் கேமராவை மறந்து ஒருவரை ஒருவர் பார்ப்பார்கள். அதை ஒன்று எடுத்து ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் வைத்துவிடுவேன். அதற்கு ரேட் கிடையாது. இந்த இரண்டு படங்களில் ஐம்பது வருஷம் கழித்து எது நிற்கும் என்று என்னைக் கேட்டால் தயங்காமல் சொல்வேன். ஆனாலும் பறக்கும் கவுனுக்குக் கொடுத்த காசில்தான் நான் அந்தப் பாறை வரைக்கும் போனேன்.

பழக வரும் பையன்களுக்கு நான் சொல்வதெல்லாம் மூன்று காரியங்கள்தான். முதலாவது, பெயர். 17ஆம் பிரிவு உரிமையைப் பார்ட்டிக்குக் கொடுத்தாலும், 57ஆம் பிரிவு படத்தை ஆக்கியவன் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையை எடுத்தவனிடமே விட்டுவைத்திருக்கிறது. பதிப்புரிமையை முழுக்க விற்றாலும் அது போகாது. எங்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்? அட்வான்ஸ் ரசீதில் ஒரே ஒரு வரி போதும்: படத்தில் என் பெயர் இருக்கும், ஒரு பிரதியை நான் வைத்துக்கொள்வேன், வீட்டாரைக் கேட்காமல் வெளியில் காட்ட மாட்டேன். கடைசிப் பகுதி முக்கியம். படத்தில் இருப்பவருக்கும் ஓர் உரிமை உண்டு. கலை என்ற பெயரில் ஒரு குடும்பத்தின் துக்கத்தைச் சுவரில் மாட்டிவிடக் கூடாது.

இரண்டாவது, விவரம். ஊர், தேதி, என்ன விசேஷம், யார் யார், எந்த லைட். ஃபைலுக்குக் கேமரா கொடுத்த நம்பரையே விட்டுவைத்தால் பேரன் காலத்தில் அது வெறும் நம்பர். பழைய ஸ்டுடியோக்கள் பிரின்டின் பின்னால் ரப்பர் ஸ்டாம்ப் அடித்தார்களே, அந்த ஒரு ஸ்டாம்ப் இருந்ததால்தான் பல படங்களுக்கு இன்று ஊரும் ஆளும் தெரிகின்றன. மூன்றாவது, பிரதி. ஒரே ஹார்ட் டிஸ்க்கை நம்பக் கூடாது. இரண்டு வேண்டும், இரண்டும் ஒரே கட்டடத்தில் இருக்கக் கூடாது. வருஷத்துக்குக் கொஞ்சமாவது நல்ல காகிதத்தில் பிரின்ட் போட்டு வைக்க வேண்டும். இதற்கெல்லாம் பெரிய செலவில்லை, சோம்பல்தான் தடை.

எந்தப் படம் கலையாகும், எப்போது ஆகும், யார் சொல்லி ஆகும் என்பதை எடுக்கிறவன் தீர்மானிக்க முடியாது. டிரைப்புக்கு ஒன்றரை நூற்றாண்டு ஆனது. கெய்டா வயதான பிறகு பார்த்துவிட்டார். எத்தனையோ பேருக்கு அந்த நாள் வரவே இல்லை, அவர்கள் நெகட்டிவ் வெள்ளியாகிப் போனது. அந்த நாளுக்காக எடுக்கப் புறப்பட்டால் படத்தில் பாவனை வந்துவிடும், அது உடனே தெரியும். நாலு விரலைச் சரியாக வைக்கலாம், மூச்சு விடச் சொல்லலாம், பின்னால் பெயர் எழுதலாம், பிரதி எடுத்து வைக்கலாம். அதற்கு மேல் எங்கள் கையில் இருப்பது ஒன்றே ஒன்று: பார்ட்டிக்குச் சொன்ன தேதியில் ஆல்பம் போய்ச் சேர வேண்டும்.